வைரஸ் நோய்க்கு என்ன மருந்து அடிக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதைத்து இருபதாவது நாளைத் தாண்டினால் எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். "வைரஸ் விழுந்துருச்சுங்க, என்ன மருந்து அடிக்கிறது?" வெண்டை, உளுந்து, மிளகாய், பப்பாளி, வாழை என்று பயிர் மாறும், கேள்வி மாறாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கடைக்குப் போவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

வைரஸ் பிடித்த செடியைக் குணமாக்கும் மருந்து உண்டா?

இல்லை. வயலில் நிற்கும் செடிக்குள் நுழைந்துவிட்ட வைரஸை வெளியேற்றும் மருந்து எதுவும் நம் ஊர்க் கடையில் கிடையாது. கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து வருவதுதான்.

பூஞ்சாண நோய்க்கு மருந்து இருக்கும்போது வைரஸுக்கு மட்டும் ஏன் இல்லை?

பூஞ்சாணம் தனி உயிர். அதற்கென்று செல் சுவர் உண்டு, தனியாகச் சாப்பிட்டு வளரும். அதை மட்டும் தாக்கி, செடியை விட்டுவிடும் மருந்தைச் செய்ய முடியும். வைரஸ் அப்படியில்லை. கொஞ்சம் மரபுப் பொருள், அதைச் சுற்றி ஒரு புரத உறை, அவ்வளவுதான். செடியின் செல்லுக்குள் போய், அந்தச் செல்லின் இயந்திரத்தையே வைத்துத் தன்னை நகல் எடுத்துக்கொள்கிறது. அதை நிறுத்தப் போனால் செடியின் இயந்திரமும் சேர்ந்து நிற்கும்.

1950, 60-களிலேயே தயோயுராசில் போன்ற பொருள்களை வைத்து ஆராய்ச்சிக்கூடங்களில் முயன்று பார்த்தார்கள். வைரஸ் குறைந்தது, செடியும் கருகியது. ரிபாவிரின் என்று மனிதர்களுக்குக் கொடுக்கும் ஒரு வைரஸ் மருந்து இருக்கிறது. அதைத் திசு வளர்ப்புக் குடுவைக்குள், கடுகளவு குருத்து நுனிக்குக் கொடுத்து, உருளைக்கிழங்கு போன்ற பயிர்களில் வைரஸ் இல்லாத தாய்ச்செடியை உருவாக்குகிறார்கள். அது கண்ணாடிக் குடுவைக்குள் நடக்கும் வேலை. ஒரு ஏக்கர் வெண்டைக்கு ஆகாது.

கடையில் 'வைரஸ் மருந்து' என்றுதான் கொடுத்தார்கள். அடித்த பத்தாவது நாள் புதுத் துளிர் பச்சையாக வந்ததே?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதுதான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். கேட்பவர் பெரும்பாலும் அதற்குள் இரண்டு மூன்று தடவை அடித்து முடித்திருப்பார்.

அந்தப் பாட்டிலைத் திருப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். நான் பார்த்தவற்றில் பலவும் துத்தநாகம், இரும்பு, போரான் கலந்த நுண்ணூட்டம், கடல்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், அமினோ அமிலம் என்று இருந்தன. சிலவற்றில் எதுவுமே எழுதியிருக்காது. நுண்ணூட்டம் கெட்ட பொருள் இல்லை. பசியோடு இருக்கும் செடிக்கு அது கிடைத்தால் துளிர் பச்சையாகத்தான் வரும். அதனால் வைரஸ் போய்விட்டது என்று ஆகாது. வெயிலும் குளிரும் மாறும்போது அறிகுறி கூடுவதும் குறைவதும் வைரஸ் நோயில் சாதாரணம். செடி பச்சையாகத் தெரியும் அந்த வாரத்திலும் அதன் மேல் உட்காரும் வெள்ளை ஈ வைரஸை எடுத்துக்கொண்டு பக்கத்துச் செடிக்குப் போகும்.

எந்த மருந்தானாலும் எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு அல்லது நோய்க்கு என்று லேபிளில் அச்சிட்டிருக்க வேண்டும். மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள். வாங்கினால் பில் கேளுங்கள்.

அப்படியானால் பூச்சிமருந்து எதற்கு அடிக்கச் சொல்கிறார்கள்?

வைரஸ் தானாக நடந்து வராது. அதைத் தூக்கிக்கொண்டு வரும் பூச்சிக்காகத்தான் அந்த மருந்து. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல், உளுந்து, பாசிப்பயறில் மஞ்சள் தேமல், தக்காளி, மிளகாயில் இலைச் சுருட்டை, மரவள்ளியில் தேமல் எல்லாம் வெள்ளை ஈ கொண்டுவருபவை. வாழை முடிக்கொத்தும் பப்பாளி வளையப்புள்ளியும் அசுவினி வழியாக வரும். நிலக்கடலை மொட்டுக் கருகலுக்கு இலைப்பேன், நெல் துங்ரோவுக்குப் பச்சைத் தத்துப்பூச்சி.

எல்லா வைரஸுக்கும் பூச்சிமருந்து ஒரே அளவில் பலன் தருமா? பப்பாளித் தோட்டத்தில் வாரம் ஒரு தடவை அடித்தும் நோய் பரவிவிட்டது.

ஒரே அளவில் தராது. இது புரிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

வெள்ளை ஈயை முதலில் எடுத்துக்கொள்வோம். நோயுள்ள செடியில் குறைந்தது பத்து, இருபது நிமிடமாவது உட்கார்ந்து சாறு உறிஞ்சினால்தான் வைரஸ் அதன் உடலுக்குள் போகும். போனதும் உடனே பரப்பாது. குடல், இரத்தம், உமிழ்நீர்ச் சுரப்பி என்று சுற்றிவரச் சில மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு பெரும்பாலும் சாகும்வரை அது வைரஸைச் சுமக்கும். இடையில் இவ்வளவு நேரம் இருப்பதால், செடிக்குள் ஊடுருவி நிற்கும் மருந்து அதைக் கொன்றுவிட நமக்கு வாய்ப்பு இருக்கிறது. வெளியிலிருந்து ஏற்கனவே வைரஸோடு பறந்து வரும் ஈ, மருந்தில் சாவதற்குள் முதல் செடியில் நோயை இறக்கிவிடலாம். ஆனால் அங்கிருந்து பத்துச் செடிக்குப் பரவாமல் தடுக்கலாம்.

பப்பாளி வளையப்புள்ளி வைரஸ் வேறு ரகம். அது அசுவினியின் உடலுக்குள் போவதில்லை, வாய் ஊசியின் நுனியில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவே. அசுவினி ஒரு இலையில் இறங்கி, இது நமக்கான செடிதானா என்று ஊசியால் குத்திப் பார்க்கும் அந்தச் சில நொடிகளே போதும், நோய் ஏறிவிடும். எவ்வளவு வேகமான மருந்தும் அதற்குள் கொல்லாது. சில மருந்துகள் அசுவினியை அலைபாய வைத்து, இன்னும் நாலு செடியைக் குத்தவும் வைத்துவிடும். அதனால் பப்பாளியில் மருந்தை மட்டும் நம்பினால் வாராவாரம் பணம் போகும், நோய் நிற்காது. தோட்டத்தைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளமோ மக்காச்சோளமோ நெருக்கமாக நட்டால், வரும் அசுவினி முதலில் அதைக் குத்தி ஊசியைத் துடைத்துக்கொள்ளும். நாற்றை வலைக்குள் வளர்த்து எடுத்தால் இன்னும் நல்லது.

எண்ணெய் தெளித்தால் வைரஸ் பரவாது என்கிறார்களே?

ஓரளவு உண்மை. 1962-இல் கனடா ஆராய்ச்சியாளர்கள் உருளைக்கிழங்கு ஒய் வைரஸை வைத்துக் கண்டது இது. இலையில் கனிம எண்ணெய்ப் படலம் இருந்தால் அசுவினி அந்த வைரஸைப் பரப்புவது குறைகிறது. அசுவினி சாவதில்லை, ஊசி நுனியில் வைரஸ் ஒட்டுவதுதான் தடைப்படுகிறது. ஐரோப்பாவில் விதைக் கிழங்கு வயல்களில் இன்றும் தெளிக்கிறார்கள். புதுத் துளிருக்கும் எண்ணெய் படவேண்டும் என்பதால் வாரத்துக்கு ஒன்று என்று தொடர்ந்து அடிக்க வேண்டியிருக்கும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்.

நம் வேப்பெண்ணெய் (லிட்டருக்கு 30 மி.லி., நன்றாகக் கரைய சோப்புக் கரைசல் சேர்த்து) வெள்ளை ஈயை அண்டவிடாமல் விரட்டும், குஞ்சுகளின் வளர்ச்சியைக் கெடுக்கும். பூச்சி குறைவாக இருக்கும் ஆரம்பத்தில் அடித்தால்தான் பலன்.

மருந்துக்கு ஒரே ஒரு தடவைதான் செலவு செய்ய முடியும் என்றால் எதில் செய்யலாம்?

விதை நேர்த்தியில், அதாவது விதைப்பதற்கு முன் விதையில் மருந்து கலப்பதில். யோசிக்காமல் சொல்வேன்.

உளுந்துக்குக் கிலோ விதைக்கு இமிடாகுளோபிரிட் 600 எஃப்.எஸ். 5 மி.லி. போதும். ஒரு ஏக்கருக்கு எட்டு கிலோ விதை என்றால் 40 மி.லி. செலவு. செடி முளைக்கும்போதே மருந்து உள்ளே இருக்கும், முதல் மூன்று வாரம் வரை சாறு உறிஞ்சும் பூச்சியை அது பார்த்துக்கொள்ளும். அதே காசுக்கு முப்பதாவது நாள் டேங்க் டேங்காக அடித்தாலும் இந்தப் பலன் வராது. நேர்த்தி செய்த விதையை நிழலில் உலர்த்துங்கள். ரைசோபியம் (நுண்ணுயிர் உரம்) கலப்பதாக இருந்தால் ஒருநாள் இடைவெளி விட்டுக் கடைசியாகக் கலக்குங்கள். வெண்டைக்குக் கம்பெனி விதை வாங்கினால் பாக்கெட்டைப் பாருங்கள். வண்ணம் பூசிய விதை பெரும்பாலும் ஏற்கனவே நேர்த்தி செய்ததுதான், மறுபடி செய்ய வேண்டாம்.

மிச்ச விதையைக் கோழிக்குப் போடாதீர்கள். குழம்புக்கும் ஆகாது. வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவையுங்கள்.

முதல் மூன்று வாரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

எந்த வயதில் நோய் பிடித்தது என்பதுதான் மகசூலை முடிவு செய்கிறது. வெண்டை மஞ்சள் நரம்பு நோயில் இழப்பு 50 முதல் 94 சதவீதம் வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன. இந்த இடைவெளிக்குக் காரணம் செடியின் வயதுதான். 35 நாளுக்குள் பிடித்தால் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். 65 நாளுக்கு மேல் வந்தால் பாதியாவது எடுக்கலாம். ஆகவே நாம் வாங்குவது நாள். நோயை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அது ஒரு வெள்ளாமை.

வெள்ளை ஈக்கு எது அடித்தாலும் சாகமாட்டேன் என்கிறதே?

ஒரே மருந்தை, அல்லது ஒரே குடும்பத்து மருந்தை வேறு வேறு பெயரில், திரும்பத் திரும்ப அடித்திருப்பீர்கள். வெயில் காலத்தில் மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை முடித்துவிடும் பூச்சி அது. தப்பிப் பிழைப்பவை பெருகி, மருந்துக்கு அடங்காத கூட்டமாக நிற்கும். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம், அசிட்டாமிபிரிட் மூன்றும் ஒரே குடும்பம். அடுத்த தடவைக்கு டயாஃபென்தியூரான், ஸ்பைரோமெசிஃபென், பைரிபிராக்சிஃபென் என்று குடும்பம் மாற்றுங்கள். உங்கள் பயிரின் பெயர் லேபிளில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்தை வெள்ளை ஈக்கு அடிக்கவே அடிக்காதீர்கள். ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் முதலில் சாகும், ஈ இரண்டு மடங்காகத் திரும்பி வரும். 1980-களில் பருத்திக்காரர்கள் பட்ட பாடு இது. மோனோகுரோட்டோபாஸ் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை போட்டாகிவிட்டது. யார் பரிந்துரைத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, ஈ இருப்பது இலைக்கு அடியில். மேலிருந்து அடித்துக்கொண்டே நடந்தால் மருந்து மண்ணுக்குத்தான் போகும். பூத்திருக்கும் வயலில் தேனீ வரும் நேரத்தைத் தவிர்த்து மாலையில் அடியுங்கள். இமிடாகுளோபிரிட் உட்பட மூன்று மருந்துகளைத் திறந்தவெளிப் பயிருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை செய்தது தேனீக்காகத்தான்.

வைரஸை நேரடியாக அழிக்கும் ரசாயனம் ஒன்றுமே கிடையாதா?

உண்டு, ஆனால் செடிக்கு வெளியே. தக்காளி, மிளகாய், குடைமிளகாயில் வரும் புகையிலைத் தேமல் வகை வைரஸ் விதைத் தோலில் ஒட்டிக்கொண்டு வரும். டிரைசோடியம் பாஸ்பேட் 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, விதையை 15 நிமிடம் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி உலர்த்தினால் தோலில் இருக்கும் வைரஸ் செயலிழந்துவிடும். கத்தரிக்கோல், கத்தியையும் இதே கரைசலில் நனைக்கலாம். வெள்ளை ஈ வழியாக வரும் நோய்களுக்கு இது உதவாது.

பாலுக்கும் இந்தச் சக்தி உண்டு. புகையிலை நாற்று நடுபவர்கள் கையைப் பாலில் நனைத்துக்கொள்ளும் பழக்கம் பல நாடுகளில் இருந்தது. பால் புரதம் வைரஸைச் சுற்றி மூடிக்கொள்வதால் கையிலிருந்து செடிக்கு ஏறாது. மோர் தெளித்தால் வெண்டை மஞ்சள் நோய் போகும் என்று இதை நீட்டிச் சொல்வது சரியில்லை. அந்த வைரஸ் கையால் பரவுவதே இல்லை. பீடி, சிகரெட், புகையிலை போடுபவர்கள் தக்காளி நாற்றைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். புகையிலைத் தேமல் வைரஸ் உலர்ந்த புகையிலையிலும் வருடக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும்.

சோள இலைச் சாறு, தென்னை ஓலைச் சாறு தெளிக்கச் சொல்கிறார்களே, அது நம்பிக்கையா, அறிவியலா?

அறிவியல்தான். நிலக்கடலை மொட்டுக் கருகலுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது. சோள இலை அல்லது தென்னை ஓலையை உலர்த்திப் பொடித்து, ஒரு கிலோ பொடிக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி 60 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். வடிகட்டிப் பத்து லிட்டராக்கினால் அது பத்து சதவீதக் கரைசல். விதைத்த பத்தாம் நாளும் இருபதாம் நாளும் அடிக்க வேண்டும். இந்தத் தேதிகளைக் கவனியுங்கள், இரண்டுமே நோய் தெரிவதற்கு முன்பு. அந்திமந்தாரை, காகிதப்பூ இலைகளிலும் வைரஸ் தொற்றைத் தடுக்கும் புரதம் இருக்கிறது. எல்லாமே வருமுன் காக்கத்தான்.

ஆஸ்பிரின் மாத்திரை கரைத்து அடிக்கலாமா?

இந்தப் பேச்சுக்கு ஒரு வேர் இருக்கிறது. 1979-இல் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் புகையிலைச் செடிக்கு ஆஸ்பிரின் செலுத்தியபோது தேமல் வைரஸின் புள்ளிகள் குறைந்தன. செடியின் எதிர்ப்பைத் தட்டி எழுப்புவது சாலிசிலிக் அமிலம் என்ற பெரிய கண்டுபிடிப்புக்கு அது ஒரு வாசல். ஆனால் அந்தப் புகையிலை ஏற்கனவே எதிர்ப்பு மரபணு உள்ள ரகம். உங்கள் வெண்டையில் எழுப்புவதற்கு அந்த எதிர்ப்பு இருக்க வேண்டுமே. மாத்திரையை வீணாக்க வேண்டாம். இதே வழியில் வந்த அசிபென்சோலார் என்ற மருந்தை அமெரிக்காவில் புகையிலைக்குப் பயன்படுத்துகிறார்கள், சீனாவில் டுஃபுலின், நிங்நான்மைசின் என்று பதிவு செய்து விற்கிறார்கள். அவையும் நோய் வரும் முன் கொடுத்தால் தொற்றைக் குறைப்பவையே.

கத்தரிச் செடிக்கு ஆன்டிபயாடிக் அடித்துச் சரியானதே, அது வைரஸ்தானே?

இல்லை. கத்தரியில் சிற்றிலை நோய், எள்ளில் பூ எல்லாம் பச்சை இலையாக மாறுவது, இவை ஃபைட்டோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா வகையால் வருபவை. 1967-இல் ஜப்பானில் கண்டுபிடிக்கும்வரை உலகமே இவற்றை வைரஸ் என்றுதான் நினைத்திருந்தது. டெட்ராசைக்ளின் கொடுத்ததும் செடி தேறியது, அதுவும் ஒரு துப்பாக அமைந்தது. அதிலும் அறிகுறி அடங்கும், நிறுத்தினால் திரும்பிவிடும். வயலில் செடியைப் பிடுங்குவதுதான் வழி. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் துளியும் வேலை செய்யாது.

என் மிளகாய் சுருண்டிருக்கிறது. வைரஸா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இலை மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கி, அடியில் வெள்ளி போல மினுமினுத்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டு, குருத்து கெட்டியானால் முரணைச் சிலந்தி. இரண்டுக்கும் மருந்து உண்டு, அடித்தால் புதுத் துளிர் நேராக வரும். சிலந்திக்குப் பூச்சிமருந்து கேட்காது, சிலந்திக்கொல்லி வேண்டும். இலை சிறுத்து, நரம்பு தடித்து, மஞ்சளோடு செடியே குட்டையானால் வைரஸ் என்று சந்தேகப்படலாம். பக்கத்து வயலில் களைக்கு 2,4-டி அடித்திருந்தாலும் தக்காளி, பருத்தி இலை விரல் மாதிரி குறுகி வைரஸ் போலவே தெரியும். பக்கத்துக்காரரைக் கேட்டுப் பாருங்கள். குழப்பமாக இருந்தால் செடியை வேரோடு எடுத்துக்கொண்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள்.

வாழை முடிக்கொத்துக்கு ஊசி போடுகிறார்களே?

அந்த ஊசி செடியைக் கொல்வதற்கு. குணமாக்கும் ஊசி என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

முடிக்கொத்து வந்த வாழை தார் போடாது, அதன் கன்று எல்லாமே நோயோடு வரும். வெட்டிப் போட்டாலும் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்த்து அசுவினிக்கு வீடாகும். அதனால் 50 கிராம் பெர்னாக்சோன் (2,4-டி களைக்கொல்லி) தூளை 400 மி.லி. தண்ணீரில் கரைத்து, தண்டுக்குள் 4 மி.லி. ஊசியால் செலுத்தினால் கிழங்கோடு அழுகிவிடும். அதற்கு முன்பு மட்டைகளின் இடுக்கில் உள்ள அசுவினியைக் கொல்ல மருந்து அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாகும் மரத்தைவிட்டு எல்லாம் பக்கத்து மரத்துக்கு ஏறும். களைக்கொல்லிக்குத் தனி ஊசி வையுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 1920-களில் இந்த நோய் வாழைத் தொழிலையே தரைமட்டமாக்கியது. மெகீ என்ற ஆராய்ச்சியாளர் அசுவினிதான் பரப்புகிறது என்று நிறுவினார். அதன்பின் நோயுள்ள மரத்தைத் தேடி அழிப்பதும், சுத்தமான கன்றை மட்டும் நடுவதும் சட்டமாயின. தொழில் மீண்டது அப்படித்தான். நம் கீழ்ப்பழனி மலை, சிறுமலையின் விருப்பாட்சி வாழையும் இதே நோயில்தான் நலிந்தது. அதை மீட்கக் கைகொடுத்தது குருத்து நுனியிலிருந்து வளர்த்த வைரஸ் இல்லாத கன்று. திசு வளர்ப்புக் கன்று வாங்கும்போது வைரஸ் பரிசோதனைச் சான்று கேளுங்கள். திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் அந்தப் பரிசோதனை நடக்கிறது.

மரவள்ளிக்கு?

நடுவதற்குத் தேமல் இல்லாத செடியின் குச்சியாகப் பார்த்து எடுங்கள். சேலம், நாமக்கல் பக்கம் தேமல் நோய் பெரும்பாலும் நாமே நடும் கரணை வழியாகத்தான் வருகிறது. மருந்துக்கு இங்கே வேலை குறைவு. ஸ்ரீ பத்மநாபா போல எதிர்ப்பு ரகம் கிடைத்தால் நடலாம். உளுந்தில் வம்பன் 8 ரகத்தையும் இதே காரணத்துக்காகச் சொல்வேன்.

நோய் வந்த செடியைப் பிடுங்கச் சொல்கிறீர்கள். எத்தனை செடிவரை? பிடுங்கியதை மாட்டுக்குப் போடலாமா?

நூற்றுக்கு ஐந்து, பத்து என்று இருக்கும்போது பிடுங்கினால் பலன். அதற்குத் தினமும் காலையில் வயலைச் சுற்றி வர வேண்டும். பாதி வயல் மஞ்சளான பிறகு பிடுங்கினால் ஒன்றும் மிஞ்சாது, அப்போது காய்க்கிறவரை பறித்துக்கொண்டு சீக்கிரம் உழுதுவிடுங்கள். நிலக்கடலையில் பிடுங்கிய இடம் வெறுமையாக இருந்தால் இலைப்பேன் அங்கே அதிகம் இறங்கும் என்பதால் முதலிலேயே நெருக்கமாக விதைப்பது நல்லது.

பிடுங்குவதற்கு முந்தின நாள் மாலை அந்தச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடித்துவிடுங்கள். காலையில் ஈ சோம்பி உட்கார்ந்திருக்கும்போது செடியைச் சாக்குக்குள் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். வரப்பில் போட்டால் செடி வாட வாட ஈ கிளம்பிப் பயிருக்குள் போகும்.

வைரஸால் மாட்டுக்கோ மனிதருக்கோ ஒன்றும் ஆகாது, அந்த வெண்டைக்காயைச் சமைத்தும் சாப்பிடலாம். ஆனால் மருந்து அடித்த செடி மாட்டுக்கு ஆகாது. காய்க்கும் பயிரென்றால் லேபிளில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடிந்த பிறகு பறியுங்கள்.